விடியற்காலையில் தாம்பரத்தில் கூடும் சைக்கிள் கூட்டம்! மாமல்லபுரம் போய் மறுநாள் திரும்புகிறார்கள்

தாம்பரம்,-

சனிக்கிழமை விடியற்காலை 4½ மணி. தாம்பரம் ரெயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடை பாய்லர் அப்போதுதான் சூடாகிறது. மின்சார ரெயிலைப் பிடிக்க நாலைந்து பேர் ஓடுகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் மட்டும் பத்து, இருபது சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரிகின்றன.

விபத்து நடந்த இடமா? போலீஸ் சோதனையா? இரண்டும் இல்லை. சைக்கிள்காரர்கள்!

சேலையூர், முடிச்சூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை என்று பல திசையில் இருந்தும் வந்து கூடுகிறார்கள். பேங்க் கிளார்க் இருப்பார். மருந்துக்கடைக்காரர் இருப்பார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், அவன் பக்கத்திலேயே ரிட்டையர் ஆன வாத்தியார். இரண்டு, மூன்று பெண்களும் உண்டு. வாரத்தில் மற்ற நாள் பஸ்சில் இடித்துக்கொண்டு போனாலும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள மாட்டார்கள். சனி, ஞாயிறு வந்தால் ஒரே குடும்பம் மாதிரி.

அன்று போய் அன்றே திரும்புகிற பயணம்தான் அதிகம். சில வாரம் இரண்டு நாள் பயணம் வைத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை புறப்பட்டு மாமல்லபுரம். அங்கே ராத்தங்கல். ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக வீடு. மொத்தம் 110 கிலோ மீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.

சென்னையில் இப்படி சைக்கிள் குழுக்கள் பல இருக்கின்றன. 'வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்' என்ற பெரிய குழு பகுதி பகுதியாகப் பிரிந்து சைக்கிள் விடுகிறது. ராமானுஜர் மௌலானா தொடங்கிய 'சைக்கிளிங் யோகிஸ்' குழுவினர் பழைய கோவில், பழைய கட்டிடம், ஏரி என்று தேடிப் போகிறார்கள். நம்ம பக்கத்தில் தேடுவதற்குப் பஞ்சமே இல்லை. ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் 1863-ம் ஆண்டு கற்கால மனிதன் செய்த கல் கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். தினமும் பல்லாவரம் வழியாக ஆபீஸ் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

தலை எண்ணுகிறார்கள்

புறப்படுவதற்கு முன் ஒரு சடங்கு. தலையை எண்ணுகிறார்கள். எத்தனை பேர் என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம் ஆக வேண்டும்.

முதலில் போகிற ஆள் ஒருவர். அவருக்கு வழி தெரியணும், வேகமும் தெரியணும். கால் வலு இருக்கிறதே என்று அவர் பறக்கக்கூடாது. கடைசி ஆள் என்று இன்னொருவர். இவர்தான் முக்கியம். இவர் எந்தக் காரணம் கொண்டும் யாரையும் முந்தக்கூடாது. ஒருவருக்கு செயின் கழன்றால் இவர் நிற்பார். பஞ்சர் என்றால் இவர் நிற்பார். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்தால் இவரும் உட்கார வேண்டியதுதான். வேகமாகப் போவதற்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கடைசியில் வருவதற்குத்தான் பொறுமைசாலி தேவை.

இன்னொரு கண்டிப்பு. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிளைச் சேர்த்துக்கொள்வது இல்லை. ஹெல்மெட்டும் வேண்டும். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் இவர்கள் விடுவதாக இல்லை.

காற்றைப் பிடுங்கிய காலம்

விளக்கு விஷயத்தைக் கேட்டால் அந்தக் காலத்து ஆட்களுக்கு சிரிப்பு வரும். ஒரு காலத்தில் சைக்கிளுக்கு உள்ளாட்சியில் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். வில்லை இல்லையா? கேஸ். ராத்திரி விளக்கு இல்லையா? கேஸ். டபுள்ஸ் போனாயா? அதற்கும் கேஸ். ஏட்டய்யா நல்ல மனசுக்காரராக இருந்தால் கேஸ் எழுதாமல் வால் டியூபைப் பிடுங்கி காற்றை இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போ என்று அனுப்பிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் டைனமோ. டைனமோ போட்டால் மிதிக்கவே முடியாது, தொடை கழன்றுவிடும். இருந்தாலும் போட்டார்கள்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல். சுற்றுவட்டாரத்து குமாஸ்தாக்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் வந்து, ஸ்டாண்டில் போட்டு, டோக்கனை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெயில் ஏறுவார்கள். தாம்பரம் வளர்ந்தது அந்த சைக்கிள் மீதுதான் என்றால் மிகை இல்லை. இப்போதும் 'சைக்கிள் ஸ்டாண்டு' என்றுதான் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் நிற்பதெல்லாம் மோட்டார் சைக்கிள்!

வில்லை போனது, விளக்கு கேஸ் போனது. ஆனால் அன்றைக்கு ரோட்டில் லாரி எத்தனை, கார் எத்தனை? இன்றைக்கு எத்தனை?

7 கிலோ மீட்டர் கண்டம்

தாம்பரத்தில் இருந்து வண்டலூர் சுமார் 7 கிலோ மீட்டர். மொத்தப் பயணத்தில் சின்னத் துண்டு. ஆனால் இதைத் தாண்டுகிற வரையில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். சொந்த ஊருக்குப் போகிற கார்கள் டிராபிக்குக்கு முன் ஊரைத் தாண்டிவிடலாம் என்று விடியற்காலையில்தான் கிளம்புகின்றன. டிரைவருக்குப் பாதித் தூக்கம். ரோடு காலி என்ற தைரியத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். வண்டலூரில் வெளிவட்டச் சாலை வாகனங்களும் வந்து சேருகின்றன. இடது ஓரத்தில் ஒதுங்கிப் போகலாம் என்றால் அங்கே மணல். சைக்கிள் டயர் மணலில் ஏறினால் சறுக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் பஸ்சின் ஆரன் காதைப் பிளக்கும்.

அதனால் ஒற்றை வரிசை. முன்னால் போகிறவர் "குழி!" என்று கத்தினால் அடுத்தவர் கத்துவார், அதற்கடுத்தவர் கத்துவார், கடைசி ஆள் காது வரை போகும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் கத்துவார், அது முன்னால் வரும். நாய் துரத்தினால் மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம்! மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றால் நாய் போய்விடும் என்று அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கும்போது சரி. நாய் வரும்போது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

விபத்துச் செய்தி எழுதுகிற நிருபர்களுக்கு ஒரு வாக்கியம் கையோடு பழகிவிட்டது. "சைக்கிளில் சென்றவர் மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது. அவர் சம்பவ இடத்திலேயே பலியானார்." பக்கத்தின் மூலையில் இடம் மிஞ்சினால் போடுகிற செய்தி. 2022-ம் ஆண்டு மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த சைக்கிள்காரர்கள் 4 ஆயிரத்து 836 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நாள் ஒன்றுக்கு 13 பேர்!

கூட்டமாகப் போனால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இன்டெல் கம்பெனியின் இந்தியத் தலைவராக இருந்த அவதார் சைனி, நாம் கம்ப்யூட்டரில் கேள்விப்பட்ட 'பென்டியம்' சிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 68 வயது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி விடியற்காலையில் நவி மும்பையில் நண்பர்களோடு சைக்கிளில் போனபோது, டாக்சி மோதி இறந்தார். அகலமான ரோடு. கூட ஆட்களும் இருந்தார்கள்.

இருந்தாலும் தனி விளக்கு ஒன்று கண்ணில் படாமல் போகலாம். இருபது விளக்கு வரிசையாக மினுங்கினால் தூங்குகிற டிரைவருக்குக்கூட என்னமோ என்று கால் பிரேக்குக்குப் போகும். கூட்டம் சேருவதில் ஜாலி மட்டும் இல்லை, இந்தக் கணக்கும் இருக்கிறது.

காடு, உப்பளம், கடல்

வண்டலூரில் இடது கைப் பக்கம் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் எல்லோருக்கும் வாய் திறக்கிறது. ரோட்டை ஒட்டி வண்டலூர் காப்புக்காடு. உயிரியல் பூங்கா பக்கம் என்பதால் சிங்கம் உறுமுகிறது என்று புதுசாக வந்த பையனைப் பயம் காட்டுவார்கள். கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம். ஆஞ்சநேயர் கோவில் குன்று தெரிகிற நேரத்துக்குக் கிழக்கு வெளுத்துவிடும். கேளம்பாக்கம் தாண்டி கோவளம் போகிற வழியில் இரண்டு பக்கமும் உப்பங்கழி. சீசன் நேரத்தில் பறவைக் கூட்டம் நிற்கும். அங்கே நின்று போட்டோ எடுக்காமல் யாரும் நகருவது இல்லை. கடைசி ஆளுக்கு அங்கேதான் அரை மணி போகும்.

கோவளத்தில் டீ. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவிடந்தை, வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை, மாமல்லபுரம்.

இந்தச் சாலைக்குப் பெரிய மனிதர்களும் வருவது உண்டு. முதல்-அமைச்சராக இருந்தபோது மு.க.ஸ்டாலின் 2021-ம் ஆண்டு ஜூலையில் இந்த வழியாக மாமல்லபுரத்துக்கு சைக்கிள் விட்டு, நடுவில் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி நடிகர் விஜய் நீலாங்கரையில் ஓட்டுப்போட சைக்கிளில் வந்து அமர்க்களம் ஆனது. நடிகர் ஆர்யா இன்னும் ஒரு படி மேலே. 2022-ல் லண்டனில் இருந்து எடின்பரோ போய்த் திரும்புகிற 1,500 கிலோ மீட்டருக்கு மேலான பயணத்திலேயே கலந்துகொண்டார்.

இங்கே எதிரி காற்று. பனிக்காலத்தில் வாடைக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி மாமல்லபுரம் வரை கொண்டு போய்விடும். நாமும் பெரிய வீரன்தான் என்று தோன்றும். மறுநாள் வடக்கே திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். கோடையில் பகலில் கடல் காற்று எழும்பினால் தெற்கே போகிறவன் பாடு திண்டாட்டம். அப்போதுதான் வரிசையின் அருமை தெரியும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது லேசு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முன் ஆள் பின்னால் வந்து அடுத்தவரை முன்னால் விடுகிறார். வாத்தியாரை மட்டும் எப்போதும் நடுவில் வைத்துக்கொள்கிறார்கள்.

வால் டியூப் கடைக்காரரும் வெளிநாட்டு சைக்கிளும்

சைக்கிள்களைப் பார்த்தால் சிலது 15 ஆயிரம் ரூபாய், சிலது லட்சத்தைத் தாண்டியது. மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. சுவரில்தான் சாத்த வேண்டும். அத்தனை ஆயிரம் கொடுத்து ஸ்டாண்டு இல்லாத சைக்கிளா என்று டீக்கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான்.

பஞ்சர் ஆனால் இன்னும் வேடிக்கை. கிராமத்து சைக்கிள் கடை பம்பு இந்த வெளிநாட்டு மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. அதற்கென்று சின்னப் பித்தளை மரை ஒன்று கையோடு கொண்டு போகணும். அதை மறந்தவர் பாடு குட்டியானைதான்! சைக்கிளைத் தூக்கி வண்டியில் போட்டு, அவமானத்தோடு போய்ச் சேர வேண்டியது. ஆனால் ரிம் பெண்டு எடுப்பதில் அந்தக் கடைக்காரரை மிஞ்ச ஆள் இல்லை. எந்த நாட்டு சைக்கிளாக இருந்தால் என்ன, ஸ்போக்ஸ் கம்பி கம்பிதானே! கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிக்கிறார்.

குழுவில் ஒரு பழைய ஹெர்குலிசும் வருகிறது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூர் ஆலையில் செய்த பேர்போன வண்டி. கியர் கிடையாது. வேகம் கிடையாது. ஆனால் அதற்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாத கடை தமிழ்நாட்டில் கிடையாது!

பெண்கள் வருவது எப்படி?

விடியற்காலை இருட்டில் ஒரு பெண் தனியாக வண்டலூர் ரோட்டில் சைக்கிள் விட முடியுமா? வீட்டில் விடுவார்களா? கூட்டம் இருப்பதால்தான் வருகிறார்கள். இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரி பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள். ஊரே கைதட்டிக் கேலி செய்தது. ஒருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். கூட்டமாக இருந்ததால் கேலி செய்தவன்தான் வீட்டுக்குப் போனான்.

வெள்ளைக்கார குமாஸ்தாக்கள்

கூட்டமாக சைக்கிளில் ஊர் போவது வெளிநாட்டில் ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் 1878-லேயே சைக்கிள் பயணிகளுக்குச் சங்கம் வந்துவிட்டது. வழியில் எந்த விடுதியில் தங்கலாம் என்று சிறகு வைத்த சக்கரம் சின்னத்தை இரும்பில் வார்த்து அந்தச் சங்கம் விடுதிச் சுவரில் மாட்டியது. 1894-ல் பர்மிங்காமில் சில சோசலிச இளைஞர்கள் 'கிளாரியன்' சைக்கிள் கிளப்பைத் தொடங்கினார்கள். மறு வருஷம் ஈஸ்டர் லீவில் ஆஷ்போர்ன் என்ற ஊரில் எல்லோரும் கூடினார்கள். லீவு கிடைத்தால் ரோட்டில் கூடு என்ற பழக்கம் அன்றே வந்துவிட்டது.

பிரான்சில் கதை வேறு. பாரீசில் இருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோ மீட்டர் ஓட்டம் 1891-ல் தொடங்கியது. பந்தயமாக இருந்தது இப்போது பந்தயம் இல்லை. 90 மணி நேரத்தில் முடித்தால் போதும். அந்த வழியில் வந்ததுதான் 'மெட்ராஸ் ரேண்டனர்ஸ்' குழு நடத்தும் நெடுந்தூர ஓட்டம். 200 கிலோ மீட்டருக்கு 13½ மணி நேரம். 300-க்கு 20. 400-க்கு 27. 600-க்கு 40 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. கடைசியில் வந்தவருக்கும் அதே மரியாதை. 600 என்றால் ஒரு சனி, ஞாயிறு முழுக்க சைக்கிள் மேலேயே கழியும். திங்கட்கிழமை ஆபீசில் உட்கார முடியுமா என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விளக்கு இல்லாத சைக்கிள்கள்

தாம்பரம் கூட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ், நாலு பேருக்கு ஒரு ரூம். ராத்திரி பரோட்டா. கால் வலிக்கு யார் எந்தத் தைலம் கொண்டு வந்தார்கள் என்று விசாரணை. ஞாயிறு காலை கடலைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் இட்லி. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரை. பிறகு மறுபடியும் ஜி.எஸ்.டி. ரோடு. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி. 2023 டிசம்பர் 30-ந்தேதி திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கம் வந்தால் பஸ், ஆட்டோ, பெட்டி தூக்கிய ஜனம். அங்கே மறுபடி பேச்சு நிற்கிறது.

இந்த ரோட்டில் சைக்கிள் விடுவது இவர்கள் மட்டும் இல்லை. ஆரன் அடித்துக்கொண்டு போகிற இடியாப்பக்காரர். அடுக்குமாடி வீடுகளில் ராத்திரி வேலை முடிந்து திரும்புகிற வாட்ச்மேன். பால்காரர். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்து கட்டிட வேலைக்குப் போகிற பையன்கள், ஒரு சைக்கிளில் இரண்டு பேராக. இவர்களுக்கு முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. முக்கால்வாசிப் பேர் சைக்கிளில் பின்விளக்கும் இல்லை. மூலைச் செய்தியில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் இவர்களுடையவை. ஒரு நாள் அல்ல, மாதம் முப்பது நாளும் அதே 7 கிலோ மீட்டர்.

தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது 2021-ல். போலீஸ் கமிஷனர் அலுவலகமும் 2022-ல் வந்துவிட்டது. பெருங்களத்தூரில் இருந்து வண்டலூர் வரை ஓரத்து மணலை வாரம் ஒரு தடவை அள்ளினாலே சைக்கிள்காரனுக்கு இரண்டு அடி ரோடு கிடைக்கும். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவை இல்லை. சைக்கிள் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒரு டீ காசுதான். வாட்ச்மேனை வேலைக்கு வைக்கிற அடுக்குமாடி சங்கம் அதை வாங்கிக் கொடுக்கலாமே!

ஞாயிறு மத்தியானம் பெருங்களத்தூரில் கூட்டம் கலைகிறது. ஒருவர் முடிச்சூர் பக்கம், ஒருவர் சேலையூர் பக்கம். மறுபடியும் தலை எண்ணுகிறார்கள். எண் சரியாக இருந்தால்தான் யாரும் கிளம்பலாம். ஆனால் கடைசி ஆளுக்கு அத்தோடு வேலை முடியவில்லை. வீடு போய்க் குளித்துச் சாப்பிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வீடு சேர்ந்தாச்சு" என்று ஒவ்வொரு தகவலாக வருகிறது. இருபதில் பத்தொன்பது வந்துவிட்டது. வாத்தியார் மட்டும் இன்னும் அனுப்பவில்லை. தகவல் அனுப்ப மறந்து தூங்கியிருப்பார். இருந்தாலும் கடைசி ஆள் போன் போடுகிறார்.